பத்திரம் கேட்கும் பேய்கள்

வேலை நிமித்தமாக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் இரண்டு வருடம் இருந்தேன். ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சந்தை கூடும். எல் பராத்தீயோ என்று பெயர். தெருத்தெருவாக நீண்டுகொண்டே போகும். துருப்பிடித்த திருப்புளி, பழைய தையல் மிஷின், கோழிக்குஞ்சு, யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பம் என்று எல்லாம் தார்ப்பாய் மேல் கிடக்கும். பழைய படங்களின் டிவிடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கும் பெரியவர் ஒருவரும் அங்கே உட்கார்ந்திருப்பார். பிளாஸ்டிக் உறை, ஜெராக்ஸ் எடுத்த அட்டைப்படம். அவரிடம் இருபது பெசோ கொடுத்து வாங்கியதுதான் ‘எல் சார்ரோ தெ லாஸ் கலவேராஸ்’. மண்டையோட்டுச் சார்ரோ என்று சொல்லலாம். 1965-இல் வந்த, கௌபாய் படமும் பேய்ப்படமும் கலந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் அல்ஃப்ரெதோ சாலசார்.

சார்ரோ என்றால் மெக்சிகோவின் குதிரைக்காரர். அகன்ற தொப்பி, இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை, கால்சட்டையின் ஓரம் முழுக்க வெள்ளிப் பொத்தான்கள். கௌபாய் படங்களில் வரும் ஆட்களுக்கு இவர்தான் மூத்தவர். மாடு மேய்ப்பதும் சுருக்குக்கயிறு வீசுவதும் இந்த மண்ணிலிருந்துதான் வடக்கே போயின. 1936 முதல் மெக்சிகோ சினிமாவில் சார்ரோ குதிரை மேல் உட்கார்ந்து பாடினார், காதலித்தார், சண்டை போட்டார். இந்தப் படத்தில் அவர் முகமூடி போட்டுக்கொண்டு, உடையில் மண்டையோட்டைத் தரித்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பேய்களை எதிர்க்கிறார். முதலில் ஓநாய் மனிதன், பிறகு வௌவால் தலையோடு திரியும் ரத்தக்காட்டேரி, கடைசியாகத் தலையில்லாத குதிரைக்காரன்.

அலுவலகத்தில் ஒருவர், “சிரிக்கணும்னா அந்தப் படத்தப் பாருங்க” என்று சொல்லியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓநாய் மனிதன் உருமாறும் கட்டத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஹாலிவுட் பழக்கத்தில், ஒரு மனிதன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரோமம் முளைப்பதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இங்கே அந்த ஆள் தரையில் கிடக்கிறான். அடுத்து அந்த இடத்தில் வெறும் எலும்புக்கூடு. அதற்கும் அடுத்து, எலும்புக்கூடு இருந்த இடத்திலிருந்து ஓநாய் மனிதன் எழுந்து வருகிறான். கையில் காசில்லாதவர்கள் செய்த வேலைதான், ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்கிறது. ஆனால் மனிதன் மிருகமாக வேண்டுமென்றால் முதலில் செத்து எலும்பாகியே தீரவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! மண்டையோடுகளை ஆடவும் பாடவும் குடிக்கவும் வைத்து அச்சிட்ட ஓவியர் பொசாதா பிறந்த நாடு அது. நவம்பர் தொடக்கத்தில் சர்க்கரை மண்டையோட்டின் நெற்றியில் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். எலும்புக்கூடு அங்கே எல்லோருக்கும் தெரிந்த முகம். வேறெந்த ஊர்க்காரருக்கும் அந்த நடு ஷாட் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

படத்தைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று உறுத்தும். ஒரே படத்துக்குள் மூன்று குட்டிப்படங்கள். ஒரு கதை முடிகிறது, சார்ரோ கிளம்பிப் போகிறார், புது ஊர், புதுப் பேய். திரைக்கதை எழுதத் தெரியாதவர்கள் என்று பலரும் எழுதிவைத்திருக்கிறார்கள். காரணம் அதுவல்ல, தொழிற்சங்கம்.

1945-இல் மெக்சிகோவின் சினிமாத் தொழிலாளர் சங்கம் இரண்டாகப் பிளந்தது. நடிகர் கான்டின்ஃப்ளாஸ், பாடகர் ஹோர்ஹே நெக்ரெத்தே, ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகெரோவா போன்ற பெரிய பெயர்களெல்லாம் பிரிந்துபோய்ப் புதுச் சங்கம் அமைத்தார்கள். குடியரசுத் தலைவர் வரைக்கும் பஞ்சாயத்து போய், முழுநீளப் படம் எடுக்கும் உரிமை புதுச் சங்கத்துக்கு என்று முடிவானது. பழைய சங்கத்துக்குச் செய்திப்படமும் குறும்படமும் மட்டும். பழைய சங்கத்துக்காரர்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்? 1957-இல் மெக்சிகோ நகரின் தெற்கே அமெரிக்கா ஸ்டூடியோ என்று ஒன்று திறந்தது. அங்கே அரைமணி நேர ‘அத்தியாயங்கள்’ எடுத்தார்கள். காகிதத்தில் அவை குறும்படங்கள். மூன்றைச் சேர்த்து ஒட்டினால் தியேட்டரில் ஓட்ட ஒரு படம் கிடைத்துவிடும். கூலியும் குறைவு, நாளும் குறைவு. மண்டையோட்டுச் சார்ரோ மூன்று முறை குதிரையேறிக் கிளம்புவது அந்தத் தீர்ப்பினால்தான். இது தெரிந்த பிறகு, ஒவ்வொரு முறை அவர் ஊரைவிட்டுப் போகும்போதும், சட்டத்துக்குள் நின்றுகொண்டே பிழைப்பு நடத்திய லைட்மேன்களும் தச்சர்களும்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

தியேட்டர் பக்கமும் நிலைமை சுகமில்லை. ஐம்பதுகளில் தலைநகரில் டிக்கெட் விலையை நான்கு பெசோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அரசு கட்டிப்போட்டிருந்தது. படத்தை எவ்வளவு நன்றாக எடுத்தாலும் நான்கு பெசோதான். அப்படியானால் தயாரிப்பாளர் எதைக் குறைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வகைக் கலப்புப் படங்களைப் பற்றி நான் நினைப்பதை மாற்றியது வீட்டுக்கார அம்மாள். மாடியில் எனக்கு அறை விட்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ஹலிஸ்கோ மாநிலத்தின் தெற்கே ஒரு கிராமத்துக்காரர். என்னை ‘மிஹோ’ என்றுதான் கூப்பிடுவார். மகனே என்பதை அவர்கள் ஊரில் செல்லமாகச் சுருக்கிச் சொல்வது. நான் மரியாதையாக ‘தோன்யா’ என்பேன். ஒருநாள் மாலை டிவிடி சத்தம் கேட்டு, கையில் சோளத்தோடு வந்து எட்டிப்பார்த்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் ஊருக்கு வந்த சினிமாக்காரர்கள் வெள்ளைச் சுவரில் காட்டிய படங்கள் இவை என்றார். நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகவேண்டுமாம்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது ‘எல் வம்பீரோ’. 1957-இல் ஃபெர்னாந்தோ மெந்தெஸ் இயக்கியது. கௌபாய் படம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் மற்றவற்றைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் இந்த வகைப் படங்களுக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்தது அதுதான். வீடு என்று நான் சொல்வது நிஜமான வீட்டை. ஐரோப்பியப் பேய்க்குக் கோட்டை வேண்டும். மெக்சிகோவில் கோட்டைக்கு எங்கே போவது? மெந்தெஸ் அந்த இடத்தில் அசியெண்டாவை வைத்தார். அசியெண்டா என்றால் பண்ணையாரின் பெருவீடு, அதோடு தேவாலயம், களஞ்சியம், கூலிக்காரர்களின் குடிசைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவருடைய நிலம்.

மார்த்தா என்ற இளம்பெண் ஆளில்லாத ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். எங்கும் பனிமூட்டம். ஊருக்குப் போக வண்டியில்லை. ஹங்கேரியிலிருந்து வந்திறங்கிய ஒரு பெட்டியை எடுத்துப்போக மட்டும் ஒரு வண்டி வருகிறது, பெட்டிக்குள் மண். அவள் வளர்ந்த ‘லோஸ் சிகோமோரோஸ்’ அசியெண்டா பாழடைந்து கிடக்கிறது. ஒரு அத்தை செத்துப்போனாள். ஸ்பானிய மொழியில் அத்தைக்கும் சித்திக்கும் ஒரே சொல், நான் அத்தை என்றே வைத்துக்கொள்கிறேன். இன்னொரு அத்தை எலோயிசா முன்பைவிட இளமையாக, கறுப்பு உடையில், வாசல் வழியே வந்தாளா சுவர் வழியே வந்தாளா என்று தெரியாதபடி நடமாடுகிறாள். பக்கத்தில் துவால் என்று ஒரு கனவான் வந்து குடியேறியிருக்கிறார். அவர் யார் என்பது அவர் பெயரிலேயே இருக்கிறது. Duval என்பதைத் திருப்பி எழுதினால் Lavud, லவூத். நூறு வருடம் முன்பு அந்த ஊர் ஜனங்கள் கொன்று புதைத்த லவூத் பிரபுவின் தம்பி.

துவாலாக நடித்த ஹெர்மான் ரோப்லெஸ் ஸ்பெயினில் பிறந்தவர், அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. நெடிய உடம்பு, ஒரு அவசரமும் இல்லாத நடை. பிரிட்டிஷ் கம்பெனியின் டிராகுலா வண்ணத்தில் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, இவர் நீண்ட கோரைப் பல்லைக் காட்டிவிட்டார். ரோசாலியோ சோலானோவின் கேமரா அந்தப் பாழ்வீட்டு முற்றத்தை நிழலாலேயே கட்டியிருக்கிறது. பெரிய பட்ஜெட் படமல்ல, ஆனால் இதில் எங்கும் ஒட்டு தெரியாது.

தோன்யா படத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். “அவன் எதுக்கு வந்திருக்கான்னு கவனிச்சியா மிஹோ?” என்று கேட்டார். ரத்தத்துக்கு என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். “நிலத்துக்கு.”

அதற்குள் இரண்டு தடவை அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. துவால் அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. விலை பேச வந்திருக்கிறான். அசியெண்டாவை வாங்கவேண்டும், அதன் அடியில்தான் அவன் அண்ணன் கிடக்கிறான், அவனை எழுப்பவேண்டும். எலோயிசா விற்கத் தயார். மாமா தயங்குகிறார். மார்த்தாவுக்கும் பங்கு உண்டு என்பதால் அவள் கழுத்து ஆபத்தில் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த பேய்!

அன்றிரவு தோன்யா தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஒரு அசியெண்டாவில் கூலிக்காரர். கூலியைக் காசாகக் கொடுக்க மாட்டார்கள். பண்ணைக்குள்ளேயே ஒரு கடை இருக்கும், ‘தியெந்தா தெ ராயா’ என்பார்கள். சோளம், துணி, சாராயம் எல்லாம் அங்கேதான் வாங்கவேண்டும், எல்லாம் கணக்கில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாங்கியதற்குக் கோடு கிழித்து வைப்பார்கள். கணக்கு தீரவே தீராது; அப்பன் கடன் பிள்ளை தலையில் விழும். 1910-இல் புரட்சி வெடித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், தோன்யாவுக்கு அந்தக் கோடுகள்தான் காரணம். 1917 அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு நிலத்தைப் பங்கிட வழி செய்தது. 1934-லிருந்து 1940 வரை ஆண்ட லாசரோ கார்தெனாஸ்தான் அதைப் பெரிய அளவில் நடத்திக்காட்டினார். சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் கைமாறி, ஊர்ப்பொதுவான ‘எஹீதோ’ நிலமானது. பண்ணையார்களுக்குப் பல இடங்களில் வீடும் சுற்றியுள்ள கொஞ்ச நிலமும் மிஞ்சின. வருமானம் போனது. கூரை ஒழுகியது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள்.

ஐம்பதுகளில் சினிமாக்காரர்கள் கண்ட பாழ்வீடுகள் இப்படித்தான் உருவாயின. அந்தப் படங்களைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த வீட்டு முற்றத்தில் தங்கள் அப்பாவோ தாத்தாவோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நினைவு இருந்திருக்கும். செத்துப்போன பண்ணையார் திரும்பி வருகிறார், மறுபடியும் நிலத்தைக் கேட்கிறார். இதைவிடப் பயங்கரமான கதையை அவர்களுக்கு யார் சொல்லிவிட முடியும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் தேடிப் பார்த்தேன். மெந்தெஸ் இரண்டு வருடம் கழித்து எடுத்த ‘எல் கிரீத்தோ தெ லா முவெர்த்தே’, மரண ஓலம், எனக்கு மிகவும் பிடித்தது. இது அசல் கௌபாய் படம், வண்ணப்படம். காஸ்தோன் என்ற கதாநாயகனும் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடும் அவன் தோழன் கொயோத்தே லோகோவும் ஒரு அசியெண்டாவுக்கு வருகிறார்கள். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்து இறந்த க்ளோதில்தே என்பவளின் ஆவி அழுதுகொண்டு அலைவதாகச் சொல்லி எல்லோரும் நடுங்குகிறார்கள். மெக்சிகோவின் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த யோரோனா, அழுகைக்காரி, அவள்தான் இவள். ஸ்பானியர் வருவதற்கு முன் அஸ்தெக்குகள் கண்ட எட்டுத் துர்ச்சகுனங்களில் ஆறாவது, இரவில் ‘என் பிள்ளைகளே’ என்று அழுதபடி போன ஒரு பெண்ணின் குரல் என்று பழைய சுவடிகளில் எழுதியிருக்கிறது. அவ்வளவு பழைய அழுகை.

இந்தப் படத்தில் ஒரு பொருள் என் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. சவப்பெட்டியிலிருந்து வீட்டுக்குள் இழுத்த ஓர் அழைப்பு மணி. உயிரோடு புதைத்துவிட்டால்? உள்ளே கண் விழித்தவள் கூப்பிட வேண்டாமா? அதற்காக. அப்படிப்பட்ட சவப்பெட்டிகளை 19-ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே செய்து விற்றிருக்கிறார்கள். படத்தில் அந்த மணி சுவரில் இருக்கிறது, வீட்டார் அதன் கீழேதான் நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். கடிகாரங்கள் அவள் செத்த நேரத்திலேயே நின்றிருக்கின்றன. மெந்தெஸ் மணியை அடிக்கவிட அவசரப்படுவதில்லை. அது அடிக்காதவரை அந்த வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து மூச்சுவிடுவதில்லை. இரவுக் காட்சிகளின் நீலமும் சிவப்பும் நடைக்கூடத்தில் கலக்கின்றன. கையில் துப்பாக்கியோடு மேற்கத்தியத் தொப்பி போட்ட ஒருவன் அதற்குள் நடந்து போகிறான். இரண்டு வகைப் படமும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் ஒரே சட்டகத்தில் நிற்பதை இங்கே பார்க்கலாம்.

முடிவு தெரிந்துவிட்டால் பரவாயில்லை என்பவர்கள் மேலே படியுங்கள். நிலத்துக்கடியில் தங்கம் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை ஓலமும். குடும்பத்தைப் பயமுறுத்தி ஓட்டிவிட்டால் இடம் கைக்கு வரும்.

இந்த இடத்தில்தான் பேய்ப்பட ரசிகர்கள் பலருக்குக் கோபம் வருகிறது. கடைசியில் பேயே இல்லையே, மனுஷன்தானே என்று. நானும் முதலில் ஏமாந்தேன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. பூதம் காத்த புதையல் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோம். பூதத்தை யார் அங்கே நிறுத்தினார்கள் என்று அந்தப் படம் கேட்கிறது. அந்தக் கேள்வி, பூதம் நிஜமா பொய்யா என்பதைவிடப் பெரிதில்லையா?

‘எல் பந்தானோ தெ லாஸ் அனிமாஸ்’, ஆவிகளின் சதுப்புநிலம், 1957. ரஃபாயேல் பலெதோன் இயக்கியது. இதிலும் அதே காஸ்தோன். சவப்பெட்டியில் பிணம் இல்லை, சதுப்புநிலத்திலிருந்து செதில் முளைத்த ஒரு ஜந்து எழுந்து வருகிறது, கடைசியில் எல்லாம் இன்ஷூரன்ஸ் பணத்தில் போய் முடிகிறது. குதிரை அழகாக ஆடும். அதற்கு மேல் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

சானோ உருவேத்தா எடுத்த மூன்று படங்கள் வேறு ரகம். தலையில்லாத குதிரைக்காரன், சாத்தானின் முத்திரை, பான்சோ வீயாவின் தலை. மூன்றும் 1957. கதாநாயகன் லூயிஸ் அகிலார், பாடும் சார்ரோ. கூடவே பாடகி ஃப்ளோர் சில்வெஸ்த்ரே. மண்டையோட்டு முகமூடி போட்ட ரகசியக் கூட்டம் ஒரு பக்கம், நடுவில் ராஞ்சேரா என்ற மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டு ஒரு பக்கம். பாட்டும் பேயும் சேராது என்று மற்றவர்கள் சொல்வார்கள். பாட்டும் சண்டையும் அழுகையும் பயமும் ஒரே டிக்கெட்டில் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

மூன்றாவது படத்துக்குப் பின்னால் நிஜச் சம்பவம் ஒன்று இருக்கிறது. புரட்சித் தளபதி பான்சோ வீயாவை 1923 ஜூலை 20 அன்று பர்ரால் நகரில் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். 1926 பிப்ரவரியில் யாரோ இரவில் கல்லறையைத் தோண்டித் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அமெரிக்கக் கூலிப்படைக்காரர் ஒருவரைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார்கள். தலை இன்றுவரை கிடைக்கவில்லை. 1976-இல் எலும்புகளைத் தலைநகரின் புரட்சி நினைவுச்சின்னத்துக்குக் கொண்டுபோனபோதும் தலையில்லாமல்தான் போனார். படத்தில் அந்தத் தலை பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறது; அதைத் துரத்துகிறவர்களுக்கு வேண்டியது அவர் புதைத்துவைத்த புதையல். தோன்யா இந்தப் படத்தின்போது ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், “பாவம், இன்னும் தேடுறாங்க” என்றார். தலையைச் சொன்னாரா புதையலைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

உருவேத்தாவின் முகத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சாம் பெக்கின்பா 1969-இல் மெக்சிகோவில் வைத்து எடுத்த புகழ்பெற்ற மேற்கத்தியப் படத்தில், கிராமத்துப் பெரியவராக வருபவர் அவர்தான். உலகமே கொண்டாடிய கௌபாய் படத்தில் அவருக்குச் சின்ன வேடம். அவரே இயக்கிய கௌபாய் படங்கள் சந்தையில் இருபது பெசோவுக்குக் கிடைக்கின்றன.

இந்தப் படங்களுக்குக் கெட்ட பெயர் வந்ததில் டப்பிங்குக்கும் பங்குண்டு. அறுபதுகளில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கே. கார்டன் மர்ரி இவற்றை மொத்தமாக வாங்கி, ஆங்கிலத்தில் குரல் கொடுத்து அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு விற்றார். உதடு அசைவுக்குப் பொருந்தவேண்டும் என்று வசனத்தை நீட்டியும் முறித்தும் போட்டதில், எல்லோரும் மருந்து சாப்பிட்டவர்கள் மாதிரி பேசினார்கள். உலகம் அந்தக் குரலில்தான் இவற்றைக் கேட்டது, அந்தக் குரலைக் கேட்டுத்தான் சிரித்தது. தயவுசெய்து ஸ்பானிய ஒலியில் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ‘எல் வம்பீரோ’வில் கார்மென் மொந்தேஹோ எலோயிசாவாகப் பேசும் அந்தத் தாழ்ந்த குரலை ஒரு முறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காஸ்தோனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். நடிகரின் நிஜப்பெயரே அதுதான், காஸ்தோன் சான்தோஸ். சினிமாவுக்கு வந்தது குதிரை வழியாக. அவர் ரெஹோனெயாதோர், அதாவது குதிரை மேலிருந்து காளையை எதிர்ப்பவர். காளையின் கொம்புக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு கையும் ஆயுதத்தில் இருக்கும்போது முழங்காலால் மட்டும் குதிரையைத் திருப்பவேண்டும். திரையில் அவர் நடிப்பு கொஞ்சம் விறைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். குதிரை மேல் ஏறிவிட்டால் அந்த விறைப்பு போய்விடும். ‘எல் கிரீத்தோ’வில் அவர் சேணத்தில் உட்காரும் விதத்தை மட்டும் பாருங்கள், முதுகு அசையவே அசையாது.

அவருடைய அப்பா கொன்சாலோ சான்தோஸ். 1943-லிருந்து 1949 வரை சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தின் ஆளுநர். பதவி முடிந்த பிறகும் பல வருடம் அந்த மாநிலம் அவர் சொல்படிதான் நடந்தது. இப்படிப்பட்டவர்களை மெக்சிகோவில் கசீக்கே என்பார்கள். நாட்டிலேயே மிகவும் பயந்து பார்த்த கசீக்கேக்களில் ஒருவர் அவர். எல் கர்கலெயோத்தே என்ற பெரும்பண்ணை அவருடையது. 1978-இல் அரசு அதை எடுத்துக்கொண்டு விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் அவரும் இறந்துபோனார்.

இதைத் தெரிந்துகொண்ட இரவு தூங்குவதற்கு நேரமானது. ஊர் ஊராகக் குதிரையில் போய், பேயைக் காட்டி நிலத்தைப் பிடுங்குகிறவர்களின் முகமூடியைக் கழற்றும் கதாநாயகனை, புரட்சிக்குப் பிறகும் நிலம் யார் கையில் மிஞ்சியதோ அந்த வீட்டுப் பிள்ளை நடித்திருக்கிறார். இதை வைத்து மகன்மேல் நான் எதையும் சுமத்தவில்லை. நல்ல குதிரைக்காரர், சின்னப் பட்ஜெட் படங்களில் தன் பங்கைச் செய்துவிட்டுப் போனார். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த ஜனங்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் தெரியும். தெரிந்துகொண்டுதான் டிக்கெட் வாங்கினார்கள். முகமூடி கழன்று விழும்போது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது எனக்குள் இன்னும் அடங்காத கேள்வி.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வருடம், ஈஸ்டர் வார விடுமுறையில் தோன்யா என்னைத் தன் கிராமத்துக்கு அழைத்துப்போனார். தாத்தா வேலை பார்த்த அசியெண்டாவைக் காட்டினார். மழையில்லாத காலம், சுற்றிலும் அறுத்து முடித்த சோளத்தட்டை. எஹீதோ நிலம் அது, அவர் சித்தப்பா மகன்களுக்கும் அதில் பாத்தியம் உண்டு. பெருவீட்டுக்குக் கூரை இல்லை. வளைவுத் தூண்கள் மட்டும் நின்றன. தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஒரு அத்திச்செடி வேர் விட்டிருந்தது. கடை இருந்த அறையைக் காட்டினார், நம் ஊர் ரேஷன் கடை அளவுதான், கல் மேடை ஒன்று மிச்சமிருந்தது. அதன் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சின்ன வயதில் அந்தப் பக்கம் விளையாடப் போகக் கூடாது என்று அம்மா மிரட்டுவாராம். வெள்ளை உடையில் பண்ணையாரின் மனைவி நிற்பாள், அவள் காலடியில் தங்கம் இருக்கிறது. அரசை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் எழுந்த கிறிஸ்தேரோ கலகக் காலத்தில், இருபதுகளின் கடைசியில், ஓடிப்போகுமுன் புதைத்தது. தங்கம் இருக்கும் இடத்தில் இரவில் நீலச்சுடர் எரியும். தோண்டுகிறவன் அதன் ஆவியை மோந்தால் செத்துப்போவான். சொல்லிக்கொண்டே வந்தவர் பெரிய கூடத்தின் வாசலில் நின்றார்.

உள்ளே தரை முழுக்கக் குழிகள். ஓடு பெயர்த்து, முழங்கால் ஆழம், இடுப்பாழம், சிலது ஆள் இறங்கும் ஆழம். மூலைக்கு மூலை, தூணடியில், பழைய அடுப்பு இருந்த இடத்தில். பழைய குழிகளில் புல் முளைத்துக் காய்ந்திருந்தது. நான் எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டேன். தோன்யா ஒரு குழியின் ஓரத்தில் குனிந்து, மேலே கொட்டியிருந்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். ஆறு மாதமாக மழை பெய்யாத ஊர். மண் ஈரமாக இருந்தது.